தரப்புள்ளி சொல்வதும் சொல்லாததும்

போட்டி ஆட்டம் ஒன்றில் யார் வென்றார் என்பது ஆட்டம் முடிந்த நொடியிலேயே தெரிந்துவிடுகிறது. யார் வல்லவர் என்பது அவ்வளவு எளிதில் தெரிவதில்லை. எதிராளியின் களைப்பு, கடிகாரத்தில் எஞ்சியிருந்த நிமிடங்கள், தற்செயலாக நேர்ந்த ஒரு தவறு ஆகிய அனைத்தும் முடிவுக்குள் கலந்துகிடப்பதால், அதிலிருந்து ஆட்டக்காரரின் ஆற்றலை மட்டும் பிரித்தெடுப்பது கடினம். ஆயினும் அணியைத் தேர்ந்தெடுக்கும் பள்ளி ஆசிரியருக்கும், பயிற்சிக்குப் பணம் கட்டும் பெற்றோருக்கும், விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் வழங்கும் கல்லூரிக்கும் அந்தத் தீர்ப்பை வழங்கவேண்டிய கட்டாயம் இருக்கிறது. அவர்கள் எதைக்கொண்டு தீர்ப்பளிக்கிறார்கள் என்பதைப் பொறுத்து, தஞ்சை, திருவாரூர், மயிலாடுதுறை, நாகை மாவட்டங்களின் சிற்றூர்களில் சதுரங்கப் பலகையின் முன் வளரும் பிள்ளைகளின் வழி திறக்கவோ அடைபடவோ செய்கிறது.

இந்தக் கேள்விக்கு மிகப் பழைய விடை ஒன்று காவிரிப் படுகையிலேயே இருக்கிறது. நீடாமங்கலத்தை அடுத்த திருப்பூவனூரில், அப்பர் பாடிய தலங்களுள் ஒன்றான சதுரங்க வல்லபநாதர் கோயிலின் தலவரலாறு, சதுரங்கத்தில் எவராலும் வெல்லப்படாத ஓர் இளவரசியைப் பற்றியது. அவளை வெல்பவருக்கே மணமுடித்துத் தருவதாக அறிவித்த அரசர், வந்தவர் எல்லோரும் தோற்றுத் திரும்பியதால் கவலைகொண்டு தலயாத்திரை புறப்பட்டு இவ்வூரை அடைந்தபோது, முதியவர் வடிவில் வந்த சிவபெருமான் அவளுடன் ஆடி வென்று மணந்தார் என்றும், இறைவனின் திருப்பெயர் அதனாலேயே அமைந்தது என்றும் அவ்வரலாறு கூறுகிறது. 2022 ஜூலை 28 அன்று சென்னையில் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட்டைத் தொடங்கிவைத்த பிரதமர் நரேந்திர மோடி தம் உரையில் இக்கோயிலைக் குறிப்பிட்டார். கதைக்குள் இருக்கும் மதிப்பீட்டு முறை கூர்ந்து நோக்கத்தக்கது: இளவரசியின் வல்லமையை நிறுவப் பலரை அவள் வெல்லவேண்டியிருந்தது, முதியவரின் வல்லமையை நிறுவ ஒரே ஓர் ஆட்டம் போதுமானதாயிற்று, ஏனெனில் அவர் வீழ்த்தியது யாரை என்பது ஊரறிந்த செய்தி. எத்தனை முறை வென்றார் என்பதைவிட யாரை வென்றார் என்பதே எடை மிக்கது என்னும் இந்த எண்ணம்தான், பின்னாளில் கணித வடிவம் பெற்று, இன்று உலகெங்கும் சதுரங்க ஆட்டக்காரர்களை வரிசைப்படுத்தும் தரப்புள்ளி முறைக்கு, அதாவது போட்டி அரங்குகளில் ரேட்டிங் என்று வழங்கும் எண்ணுக்கு, அடிப்படையாக இருக்கிறது.

அந்தக் கணித வடிவத்தை அமைத்தவர், ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் மார்க்கெட் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்த அர்பாத் எலோ (1903–1992). தாமும் வலுவான ஆட்டக்காரராக இருந்த அவர் வகுத்த முறையை அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பு 1960இலும், ஃபிடே எனப்படும் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970இலும் ஏற்றுக்கொண்டன. ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தரப்படுகிறது. இருவருடைய எண்களுக்கிடையே உள்ள இடைவெளியிலிருந்து, அவர்கள் பலமுறை மோதினால் யாருக்கு எவ்வளவு கிடைக்கும் என்று முன்கூட்டியே கணிக்கப்படுகிறது. வெற்றிக்கு ஒரு புள்ளி, டிராவுக்கு அரைப் புள்ளி என்ற கணக்கில், 200 புள்ளி மேலே இருப்பவர் நூறு ஆட்டங்களில் ஏறத்தாழ 76 புள்ளிகள் எடுப்பார் என்றும், 400 புள்ளி மேலே இருப்பவர் 90க்கும் அதிகமாக எடுப்பார் என்றும் எலோவின் கணக்கு எதிர்பார்க்கிறது. எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக எடுப்பவரின் எண் ஏறும். குறைவாக எடுப்பவரின் எண் இறங்கும்.

எவ்வளவு ஏறும், எவ்வளவு இறங்கும் என்பதை முடிவு செய்வது, கே காரணி எனப்படும் பெருக்கெண். புதிதாக நுழைந்தவர்களுக்கும், 2300க்குக் கீழே உள்ள 18 வயதுக்குட்பட்டவர்களுக்கும் அது 40; 2400ஐ எட்டாத ஏனையோருக்கு 20; 2400ஐ ஒருமுறை எட்டியவர்களுக்கு 10. தரப்புள்ளி 1500 உள்ள பள்ளி மாணவி ஒருவர் 1700 உள்ள நடுத்தர வயது ஆட்டக்காரரை வீழ்த்தினால் அவருக்கு 30.4 புள்ளிகள் கூடுகின்றன, தோற்றவருக்கோ 15.2 புள்ளிகள் குறைகின்றன. அதே மாணவி தோற்றிருந்தால் இழப்பது 9.6 மட்டுமே. இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தவர்களுக்கு, தமிழ்நாட்டின் போட்டி அரங்குகளில் அனுபவமிக்க பெரியவர்கள் ரவுண்டு பட்டியலில் தம் எதிரே குறைந்த எண்ணுடைய சிறுவர் ஒருவரின் பெயரைக் கண்டதும் ஏன் கலங்குகிறார்கள் என்பது விளங்கும். அந்தச் சிறுவரின் எண் அவருடைய உண்மையான வலிமைக்குப் பல மாதங்கள் பின்தங்கியிருக்கக்கூடும் என்பதை அவர்கள் அறிவார்கள். அப்படிப்பட்டவர்களைக் குறிக்க அண்டர்ரேட்டட் என்ற சொல் இன்று பெற்றோர் பேச்சிலும் சாதாரணமாகப் புழங்குகிறது.

தரப்புள்ளி எதை அளக்கிறது என்பதில் பலருக்கும் தெளிவு இல்லை. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதமானி 17 சதவீதத்தைத் தாண்டிக் காட்டினால் மூட்டை திரும்பிவிடுகிறது. அந்தக் கருவி அன்றைய ஈரத்தைச் சரியாகவே சொல்கிறது, ஆனால் அந்த நெல் எந்த வயலில் எந்த மழையில் விளைந்தது என்பதையோ, இரண்டு வெயில் பட்டால் எப்படி ஆகும் என்பதையோ சொல்வதில்லை. மணியைக் கடித்துப் பார்க்கும் விவசாயிக்கு அது தெரியும். தரப்புள்ளியும் அவ்வாறே, ஏற்கெனவே ஆடி முடித்த ஆட்டங்களின் பதிவு மட்டுமே. அது உள்ளார்ந்த ஆற்றலின் அளவு அன்று, நாளைய ஆட்டத்தின் உறுதிமொழியும் அன்று. அடிக்கடி ஆடுபவர்களின் எண் அவர்களுடைய வலிமையை ஒட்டி நகர்கிறது. அரிதாக ஆடுபவர்களின் எண் பழைய இடத்திலேயே நின்றுவிடுகிறது.

எண்ணுக்கும் வலிமைக்கும் உள்ள இந்த இடைவெளிக்கு இதுவரை கிடைத்த மிகத் துலக்கமான சான்று மாமல்லபுரத்தில் நடந்த அதே 2022 ஒலிம்பியாட்தான். பெருந்தொற்றால் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் நேரடிப் போட்டிகள் முடங்கிக் கிடந்தபோது இளம் ஆட்டக்காரர்கள் வீட்டிலிருந்தபடியே வளர்ந்தார்கள். அவர்களுடைய எண்கள் வளரவில்லை. பொதுப்பிரிவில் சராசரித் தரப்புள்ளியின்படி முதலிடத்தில் வைக்கப்பட்ட அமெரிக்கா ஐந்தாவதாகவும், இரண்டாமிடத்தில் வைக்கப்பட்ட இந்தியாவின் முதல் அணி நான்காவதாகவும் முடிக்க, வரிசையில் 14ஆவதாக இருந்த உஸ்பெகிஸ்தான் தங்கமும், 12ஆவதாக இருந்த அர்மீனியா வெள்ளியும், 11ஆவதாக இருந்த இந்தியாவின் இரண்டாம் அணி வெண்கலமும் வென்றன. அந்த இரண்டாம் அணியின் முதல் பலகையில் ஆடிய 16 வயது குகேஷ், தொடர்ந்து எட்டு ஆட்டங்களை வென்று, 11 ஆட்டங்களில் 9 புள்ளிகளுடன் தனிநபர் தங்கத்தைப் பெற்றார். அவருடைய எண் அப்போது 2684. அந்தத் தொடரில் மட்டும் அவர் ஆடிய தரத்தைக் கணித்தால் கிடைத்த எண் 2867. பட்டியலை மட்டும் பார்த்து அணிகளை எடைபோட்டவர்கள் அனைவரும் அந்த இரண்டு வாரங்களில் தவறிப்போனார்கள்.

ஃபிடேயும் இந்தப் பின்னடைவை ஒப்புக்கொண்டு 2024 மார்ச் 1 முதல் ஒரு திருத்தத்தை நடைமுறைப்படுத்தியது. தொடக்க காலத்தில் 2200க்கு மேற்பட்டவர்களுக்கு மட்டுமே உரியதாக இருந்த சர்வதேசப் பட்டியல், படிப்படியாகத் தளர்ந்து 2012இல் 1000 வரை இறங்கியிருந்தது. அதன் பயனாக எட்டு வயதுச் சிறுமிக்கும் உலகப் பட்டியலில் ஓர் இடம் கிடைத்தது என்றாலும், வேகமாக வளரும் சிறுவர்கள் குறைந்த எண்ணுடன் பெரியவர்களின் புள்ளிகளைக் கரைத்துக்கொண்டே சென்றதால், பட்டியலின் அடிப்பகுதி முழுவதும் உண்மை வலிமையைவிடத் தாழ்ந்துபோயிற்று. எனவே கீழ்வரம்பு 1400 ஆக உயர்த்தப்பட்டு, 2000க்குக் கீழே இருந்த ஒவ்வொருவருக்கும், 2000லிருந்து அவர் எவ்வளவு தொலைவில் இருந்தாரோ அதில் ஐந்தில் இரண்டு பங்கு ஒரேமுறையாகக் கூட்டித் தரப்பட்டது. ஒரே இரவில் 1200 என்பது 1520 ஆயிற்று. 1500 என்பது 1700 ஆயிற்று. முந்தைய நாள்வரை ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுக்கவும் ஒதுக்கவும் பயன்பட்ட எண், ஆட்டத்தில் எந்த மாற்றமும் நிகழாமலேயே இவ்வாறு மாறக்கூடியது என்பதைத் தேர்வுக் குழுக்கள் எண்ணிப் பார்க்கவேண்டும்.

படுகை மாவட்டங்களின் நிலை இந்தப் பின்னணியில்தான் கவலைக்குரியதாகிறது. முதல் தரப்புள்ளியைப் பெறுவதற்கே, ஏற்கெனவே தரப்புள்ளி உள்ள குறைந்தது ஐந்து பேருடன் ஆடியிருக்கவேண்டும். அத்தகையோர் திரளும் போட்டிகள் பெரும்பாலும் பெருநகரங்களில், பல நாட்கள் தங்கி ஆடவேண்டிய வகையில் நடக்கின்றன. நுழைவுக்கட்டணம், பயணம், அறை வாடகை, உடன்வரும் தாய் அல்லது தந்தையின் இழந்த கூலி என்று கூட்டினால், குறுவையையும் சம்பாவையும் நம்பி வாழும் குடும்பம் ஆண்டுக்கு ஓரிரு முறைக்கு மேல் அதைத் தாங்காது. சென்னையில் வளரும் பிள்ளை மாதந்தோறும் ஆடித் தன் எண்ணைப் புதுப்பித்துக்கொள்ள, மன்னார்குடியிலோ பட்டுக்கோட்டையிலோ வளரும் பிள்ளை ஆண்டு முழுதும் பயின்றும் பழைய எண்ணுடனேயே அறியப்படுகிறது. இந்த இடத்தில் தரப்புள்ளி அளப்பது ஆட்டத்தை மட்டுமன்று, ஊரின் தொலைவையும் குடும்பத்தின் பணவசதியையும் சேர்த்தே அளக்கிறது.

இது புதிய குறை அன்று. மானுவல் ஆரோன் 1961இல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனபின், அடுத்தவராக வி. ரவிக்குமார் அப்பட்டத்தைப் பெற 1978 வரை பதினேழு ஆண்டுகள் ஆயின. இருவரும் தமிழ்நாட்டவர். இடைப்பட்ட காலத்தில் நாட்டில் வலுவான ஆட்டக்காரர்களே இல்லை என்று பொருள்கொள்ள முடியாது. சர்வதேசப் பட்டத்திற்கு நார்ம் எனப்படும் தகுதிநிலையை எட்டவேண்டும், அதாவது வெளிநாட்டினரும் பட்டம் பெற்றவர்களும் குறித்த எண்ணிக்கையில் பங்கேற்கும் தொடரில் குறித்த தரத்தில் ஆடிக்காட்டவேண்டும், அத்தகைய தொடர்கள் அன்றைய இந்தியாவில் அரிதினும் அரிது. 1969 டிசம்பர் 11 அன்று மயிலாடுதுறையில் பிறந்து சென்னையில் வளர்ந்த விஸ்வநாதன் ஆனந்துக்கு, சோவியத் கலாசார மையத்தில் 1972இல் தொடங்கப்பட்ட மிகைல் தால் சதுரங்க மன்றம் இருந்தது. நாள்தோறும் தம்மைவிட வலிமையானவர்களுடன் மோத அங்கே வாய்ப்பிருந்தது. அவர் 1988இல் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார், 2011இல் 2817 என்ற தம் உச்ச எண்ணைத் தொட்டார். இளவயதில் எதிராளி நெடுநேரம் சிந்திக்க, தாம் மிகக் குறைந்த நேரத்தில் ஆடி முடிப்பதே ஆனந்தின் அடையாளமாக இருந்தது. பலகையின் முன் நெற்றியைச் சுருக்கி அமர்ந்திருப்பதை ஆழம் என்றும் விரைந்து ஆடுவதை அவசரம் என்றும் கொள்ளும் பார்வையாளரின் வழக்கம் எவ்வளவு பிழையானது என்பதற்கு அவருடைய ஐந்து உலகப் பட்டங்களைவிடச் சிறந்த சான்று தேவையில்லை.

அந்த விரைவின் உள்ளே என்ன நடக்கிறது என்பதை உளவியல் ஓரளவு காட்டியிருக்கிறது. நெதர்லாந்தின் உளவியலாளரும் சதுரங்க ஆட்டக்காரருமான அட்ரியான் டி குரூட் 1940களில் நடத்திய ஆய்வில், உலகத் தரத்து ஆட்டக்காரர்கள் மற்றவர்களைவிட மிக அதிகமான நகர்வுகளைக் கணக்கிடுவதில்லை என்றும், சரியான நகர்வு அவர்கள் கண்ணுக்குத் தொடக்கத்திலேயே தட்டுப்பட்டுவிடுகிறது என்றும் கண்டார். 1973இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் அதை மேலும் தெளிவாக்கினர்: உண்மையான ஆட்டமொன்றின் நிலையைச் சில நொடிகள் காட்டிவிட்டு மறைத்தால் வல்லுநர் பெரும்பாலான காய்களைத் திரும்ப அடுக்கிவிடுகிறார், காய்களைத் தாறுமாறாகப் பரப்பிக் காட்டினால் அவருக்கும் புதியவருக்கும் இடையிலான வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. திறமை என்பது பொதுவான நினைவாற்றலோ பொதுவான புத்திக்கூர்மையோ அன்று, அந்த விளையாட்டின் அமைப்புகளைப் பல்லாயிரக்கணக்கில் கண்டு பழகிய பார்வை என்பதே இதன் பொருள். ஆகவே அந்தப் பார்வை இல்லாத ஒருவர் வல்லுநரின் ஆட்டத்தை நேரில் கண்டாலும், அதில் எது அரியது என்பதை அறியமுடியாமல் போகிறது. எண்ணின் துணையை அவர் நாடுவது இயல்பே.

தம்மைத் தாமே அளப்பதிலும் மனிதர்கள் தேர்ந்தவர்கள் அல்லர். 22 நாடுகளைச் சேர்ந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களிடம் அமெரிக்க உளவியலாளர்கள் நடத்தி அண்மையில் வெளியிட்ட ஆய்வில், தம் உண்மையான வலிமை தம் எண்ணைவிடச் சராசரியாக 89 புள்ளிகள் அதிகம் என்று அவர்கள் நம்புவதாகத் தெரியவந்தது. ஒவ்வொரு தோல்வியும் எழுத்தில் பதிவாகி, எண் மாதந்தோறும் உலகறிய வெளியிடப்படும் விளையாட்டிலேயே இந்த மிகைநம்பிக்கை கரையவில்லை என்பது வியப்புக்குரியது. மற்றவர்களை அளப்பதில் மிகச் சிறந்தவர்களும் தவறுவதுண்டு. உலக வாகையரை எதிர்த்து ஆடுபவரைத் தேர்ந்தெடுக்க 2024 ஏப்ரலில் டொரான்டோவில் நடந்த கேண்டிடேட்ஸ் தொடருக்கு முன், உலகின் முதல்நிலை வீரர் மாக்னஸ் கார்ல்சன், குகேஷ் அதை வெல்வார் என்று தாம் எதிர்பார்க்கவில்லை என வெளிப்படையாகவே கூறினார். பங்கேற்ற எட்டுப் பேரில் தரப்புள்ளியின்படி பின்பாதியில் இருந்த குகேஷ் அதை வென்றார், அதே ஆண்டு டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் நடப்பு வாகையர் டிங் லிரனை வீழ்த்தி 18 வயதில் உலக வாகையரும் ஆனார்.

சிங்கப்பூர் ஆட்டங்கள் இன்னொரு வகை மதிப்பீட்டின் குறையையும் வெளிக்கொணர்ந்தன. இணைய ஒளிபரப்பில் பலகையின் அருகே ஒரு பட்டை ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். ஸ்டாக்ஃபிஷ் போன்ற கணினி நிரல்கள் எந்தப் பக்கம் எவ்வளவு மேலோங்கியிருக்கிறது என்று நொடிதோறும் கணிப்பதை அது காட்டுகிறது. பதினான்காம் ஆட்டத்தில் டிங் செய்த இறுதிப் பிழையை அந்தப் பட்டையின் உதவியால் லட்சக்கணக்கானோர் அவருக்கு முன்பே கண்டுகொண்டார்கள்; ஆட்டத்தின் தரம் தாழ்ந்தது என்று முன்னாள் வாகையர்கள் சிலர் குறைகூற, காய்களை நகர்த்த மட்டுமே அறிந்தவர்களும் அதையே திரும்பச் சொன்னார்கள். பட்டை காட்டுவது கணினியின் விடைக்கும் மனிதரின் நகர்வுக்கும் உள்ள தூரத்தை மட்டுமே. அந்த நிலையில் சரியான நகர்வைக் காண்பது மனிதருக்கு எவ்வளவு கடினம் என்பதை அது காட்டுவதில்லை. சிக்கலற்ற ஆட்டமொன்றை டிரா செய்த இருவருக்கு அக்யூரசி எனப்படும் துல்லியச் சதவீதம் தொண்ணூறைத் தாண்டிக் கிடைத்துவிடும். ஏறத்தாழ மூன்று வாரம் நீண்ட தொடரின் கடைசி நாளில், நான்கு மணி நேரத்துக்கும் மேலாகச் சமநிலையை ஏற்க மறுத்து அழுத்தம் கொடுத்துக்கொண்டேயிருந்த ஆட்டத்தின் மதிப்பை அந்தச் சதவீதம் அறியாது. குகேஷின் சிறுவயதுப் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, அவர் நெடுங்காலம் கணினி நிரலின் துணையின்றிச் சொந்தக் கணிப்பாலேயே நிலைகளை எடைபோட்டுப் பழகச் செய்தார் என்பது இங்கே நினைவுகூரத்தக்கது.

கணினி வந்தபின் மதிப்பீட்டுடன் சந்தேகமும் சேர்ந்துகொண்டது. 2022 செப்டம்பரில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஹான்ஸ் நீமனிடம் தோற்ற கார்ல்சன் தொடரிலிருந்தே விலகி, எதிராளி அந்த ஆட்டத்தில் பதற்றமின்றி இருந்ததைத் தம் ஐயத்துக்குரிய காரணங்களுள் ஒன்றாகச் சொன்னார். இணைய ஆட்டங்களில் முன்பு முறைகேடு செய்ததை நீமன் ஒப்புக்கொண்டிருந்தபோதும், பலகையில் நேருக்கு நேர் ஆடிய ஆட்டத்தில் அவ்வாறு நடந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. உரிய காரணமின்றி விலகியதற்காகக் கார்ல்சனுக்குத்தான் ஃபிடே பின்னர் அபராதம் விதித்தது. குறைந்த எண்ணுடன் வரும் சிற்றூர்ச் சிறுவர் திடீரெனத் தொடர்ந்து வெல்லும்போது எழும் முணுமுணுப்புகளுக்கும் இது பொருந்தும்: முகக்குறியை வைத்துத் திறமையை மறுப்பது மிகப்பெரிய வீரர் செய்தாலும் நியாயமாகாது.

கைப்பேசி விளையாட்டுகளில் திறமையை மதிப்பிடும் சிக்கல் இன்னும் கூடுதல். 2021 ஜூலையில் வெளியாகி, பிஜிஎம்ஐ என்ற சுருக்கப் பெயரால் அறியப்படும் பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியாவில் நால்வர் ஓர் அணியாக ஆடுகிறார்கள். வெண்கலம் முதல் கான்கரர் வரை அடுக்கடுக்கான நிலைகள் உண்டு. அந்த நிலைகளை எட்டத் திறமையுடன், செலவிடும் நேரமும் பெருமளவு வேண்டியிருப்பதால், இரவெல்லாம் ஆடுபவர் தம்மைவிடத் தேர்ந்தவரை எளிதில் முந்திவிடுகிறார். எதிரிகளை வீழ்த்திய எண்ணிக்கையைக் கொண்டு ஆட்டக்காரரை மதிக்கும் வழக்கம், எப்போது ஒதுங்குவது, களத்தில் சுருங்கிவரும் பாதுகாப்பு வட்டத்துக்குள் எப்போது நுழைவது என்று அணியை வழிநடத்துபவரைக் கணக்கில் கொள்வதேயில்லை. மைக்ரோசாஃப்ட் ஆய்வகம் 2005 வாக்கில் உருவாக்கிய ட்ரூஸ்கில் முறையும், அதற்கு முன்பே சதுரங்கத்துக்காகப் புள்ளியியலாளர் மார்க் கிளிக்மன் வகுத்த கிளிக்கோ முறையும் ஒரு முக்கியமான நேர்மையைக் கொண்டுவந்தன: ஒருவரின் வலிமைக்கு ஓர் எண்ணும், அந்த எண் எவ்வளவு நம்பத்தக்கது என்பதற்கு மற்றோர் எண்ணும் அவற்றில் உண்டு. நெடுநாள் ஆடாதவரின் எண்ணைக் கிளிக்கோ முறை தானே ஐயத்துடன் பார்க்கிறது. ஃபிடேயின் பட்டியலில் அந்த இரண்டாவது எண் இல்லை. படுகையின் பிள்ளைகளுக்கு மிகவும் தேவைப்படுவது அதுதான்.

ஆனால் சதுரங்கத்துக்கு வேறெந்த விளையாட்டிலும் எளிதில் கிடைக்காத ஒரு வசதி உண்டு. நீண்ட நேர ஆட்டங்களில் ஒவ்வொரு நகர்வையும் இருவரும் தம் கையாலேயே ஸ்கோர் ஷீட்டில் எழுதவேண்டும் என்பது விதி. ஆட்டம் முடிந்ததும் எதிரெதிரே அமர்ந்தவர்கள் காய்களை மீண்டும் அடுக்கி, எங்கே தவறினோம் என்று சேர்ந்து அலசுவது மரபு. அந்தத் தாளில் ஒரு பிள்ளை எத்தகைய நிலையில் துணிகிறது, எங்கே பதறுகிறது, தோற்கும் நிலையை எவ்வளவு நேரம் தாங்கிப்பிடிக்கிறது என்பதெல்லாம் படிக்கத் தெரிந்தவருக்குத் திறந்தே கிடக்கின்றன. பள்ளி மாணவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு தொடங்கிய, ஏழு முதல் பதினேழு வயது வரையிலான சதுரங்கத் திட்டம் சிற்றூர்களின் பள்ளிகள் வரை பலகைகளைக் கொண்டுசேர்த்தது. அவற்றில் ஆடப்பட்டவற்றைப் படித்துச் சொல்லும் கண்கள்தாம் இன்னும் வந்து சேரவில்லை.

தஞ்சை, திருவாரூர், மயிலாடுதுறை, நாகை மாவட்டச் சதுரங்கக் கழகங்கள் தேர்வு நாளில் தரப்புள்ளிப் பட்டியலுடன் ஒவ்வொரு பிள்ளையின் அண்மைய பத்து ஸ்கோர் ஷீட்டுகளையும் கேட்டுப் பெறவேண்டும். அவற்றைப் படிக்கப் பட்டம் பெற்ற ஆட்டக்காரர் ஒருவரை அரைநாளாவது அழைத்து அமர்த்தவேண்டும். கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் கோடை விடுமுறைதோறும் தரப்புள்ளிப் போட்டிகள் நடக்கவும், அரசுப் பள்ளி மாணவர்களின் நுழைவுக்கட்டணத்தை விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் ஏற்கவும் வழிசெய்யவேண்டும். விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்கும் மாணவரிடம் எண் என்னவென்று கேட்கும் கல்லூரிகள், அந்த எண் கடைசியாக எப்போது, எத்தனை ஆட்டங்களில் புதுப்பிக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே கேட்கவேண்டும்.